திருப்பித் தராத ராணி

"என் அண்ணன் என் ராணியை எடுத்துக்கிட்டான். திருப்பியே தரல. அவன் அப்படிச் செய்யற ஆளே இல்லைங்க."

சொல்லிவிட்டுப் பேக்கரி அக்கா மாவு படிந்த கையை முன்துணியில் துடைத்துக்கொண்டாள். எதிரே உட்கார்ந்திருந்த பென்சிலுக்கு வாயிலிருந்த பன் அப்படியே நின்றது. காணாமல் போன ஆளைத் தேடி வந்த இடத்தில் ராணி எங்கிருந்து முளைத்தாள் என்று அவனுக்குப் புரியவில்லை.

"எந்த நாட்டு ராணிங்க?" என்றான்.

"சதுரங்க ராணி," என்றார் வக்கீலம்மா, அவன் பக்கம் திரும்பாமலே. "நீ மென்னு முழுங்கு."

வக்கீலம்மா கறுப்புக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்து வெகுகாலம் ஆகிறது. கோட்டு போனாலும் பெயர் போகவில்லை. பென்சில் அவருடைய உதவியாளன். சட்டை அவன் மேல் இருக்கும்போதும் கொடியில் காயும்போதும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆளுக்கு எடை இல்லையே தவிர வாய்க்கு உண்டு. ஒருவர் பேசியதை அதே குரலில் திருப்பிப் பேசிக் காட்டுவது அவனுக்குப் பிறவிப் பழக்கம். அதனால் வாங்கிய அடிகளும் உண்டு.

அவர்கள் கையிலிருந்த வழக்கு இதுதான். நகைக்கடை நடத்திய ஒரு பெரியவர் இறக்கும்போது, தன் இரும்புப் பெட்டியின் இரண்டு சாவிகளில் ஒன்றை மூத்த மகனிடமும் மற்றதை இளைய மகனிடமும் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டும் சேர்ந்தால்தான் பெட்டி திறக்கும். பிள்ளைகளோ ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. பெட்டி மூடியே கிடந்தது. போன வாரம் அது கடையிலிருந்தே மாயமாகிவிட்டது. கடையை நடத்தும் மூத்தவர் வக்கீலம்மாவைத் தேடி வந்து, இது என் தம்பி வேலை, எப்படியாவது கண்டுபிடித்துக் கொடுங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டார். ஜிம் நடத்தும் தம்பியோ, கேள்வி கேட்கப் போன பென்சிலை வாசலோடு திருப்பி அனுப்பினான்.

பெட்டி போன அன்றே இன்னொருவரும் போனார். எந்தப் பூட்டானாலும் சாவியில்லாமல் திறக்கத் தெரிந்த சாவிக்காரர். தனிக்கட்டை. கடைக்கு மேல் ஒரே அறை. சொந்தம் என்று சொல்ல இந்தப் பேக்கரி தங்கை மட்டும்தான். வெளியூரில் வேலை, வர நாளாகும் என்று அவளுக்கு ஒரு செய்தி வந்திருந்தது. அவளும் நம்பிவிட்டாள். நம்பாமல் இருப்பாளா? தெருக்காரர்கள் நட்புக்காக நடத்தும் ஆன்லைன் சதுரங்கப் போட்டியில் அண்ணன்தான் தவறாமல் வந்து ஆடிக்கொண்டிருந்தாரே. நேற்று மாலை தங்கையோடுதான் ஆட்டம். இன்று மாலை இரண்டாவது ஆட்டம்.

"ராணியைத் திருப்பித் தர்றதுன்னா என்ன?" என்று கேட்டார் வக்கீலம்மா.

பேக்கரி அக்கா விளக்கினாள். போட்டியில் ஆடுகிறவர்கள் எல்லாரும் வேலைக்கு நடுவில் ஆடுகிறவர்கள். பல் டாக்டர் கையுறையோடு ஆடுவார். பள்ளி வேன் ஓட்டுபவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஆடுவார். இவள் வெண்ணெய்க் கையோடு ஆடுவாள். விரல் வழுக்கி ராணி தப்பான கட்டத்தில் போய் உட்கார்ந்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. அதனால் இவர்களுக்குள் ஒரு வழக்கம். வழுக்கி வந்த காயை எதிராளி வெட்டிக்கொள்ளலாம். ஆனால் அடுத்த நகர்த்தலிலேயே தன்னுடைய அதே காயை வெட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். எங்கும் எழுதி வைக்கவில்லை. யாரும் மீறியதும் இல்லை.

"அந்த வழக்கத்தைக் கொண்டு வந்ததே எங்க அண்ணன்தாங்க. நேத்து என் ராணி வழுக்கிப் போச்சு. அவன் எடுத்துக்கிட்டான். அடுத்த தடவை தருவான், அடுத்த தடவை தருவான்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். கடைசியில ராஜாவையும் கட்டிப்போட்டுட்டான்."

"அப்போ ஆடினது உங்க அண்ணனே இல்லீங்க," என்றான் பென்சில். "வேற எவனோ. வழக்கம் தெரியாதவன்."

சொன்ன பிறகுதான் சொன்னதன் அர்த்தம் அவனுக்கே உறைத்தது. ஆடுவது அண்ணன் இல்லையென்றால் அண்ணன் எங்கே? பேக்கரி அக்கா மாவு மூட்டை மேல் தொப்பென்று உட்கார்ந்தாள். அடுப்பில் கேக் தீயும் வாசனை வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. பென்சில்தான் போய் அடுப்பை அணைத்தான்.

வக்கீலம்மா அவள் போனை வாங்கி நேற்றைய ஆட்டத்தைப் பார்த்தார். ஆட்டம் முடிந்ததும் ஏதாவது பேசிக்கொள்வீர்களா என்றார். பேசாமலா? அதற்கும் ஒரு முறை உண்டு. தோற்றவர்தான் முதலில் வாய் திறக்க வேண்டும். ஜெயித்தவர், தோற்றவருடைய ஆட்டத்தில் தனக்குப் பிடித்த ஒரு நகர்த்தலைச் சொல்லிப் பாராட்ட வேண்டும். ஜெயித்த மமதை தலைக்கு ஏறக் கூடாது என்று வைத்த முறை. நேற்று இவள் கோபத்தில், "ஆடிட்டேன், போதும்" என்று மட்டும் எழுதினாள். பதில் வந்திருந்தது.

வக்கீலம்மா அதை உரக்கப் படித்தார். "உன் குதிரை பின்வாங்கினது அழகு."

பிறகு போனை மேசை மேல் வைத்தார். "இந்த முறை தெரிஞ்ச ஆளுக்கு அந்த முறை மட்டும் எப்படி மறக்கும்? ஆடினது உங்க அண்ணன்தான்மா. மறக்கல. வேணும்னே மீறியிருக்கார்."

"எதுக்குங்க?"

"பக்கத்துல ஒருத்தன் உக்காந்து பார்த்துக்கிட்டிருக்கான். எழுதறதெல்லாம் படிக்கிறான். ஆட்டமும் தெரிஞ்சவன், அசட்டு நகர்த்தல் வெச்சா கண்டுபிடிச்சுடுவான். சும்மா வந்த ராணியை வெட்டினா அவனுக்கு அது நல்ல ஆட்டம். உங்களுக்கு மட்டும்தான் அது அநியாயம்."

ஆட வராவிட்டால் தங்கை தேடி வருவாள் என்று சாவிக்காரரே சொல்லியிருப்பார். அதனால்தான் ஆட விட்டிருக்கிறார்கள் என்றார் வக்கீலம்மா. பெட்டி எங்கேயோ அங்கேதான் அவர். கைவேலையை இழுத்தடித்துக்கொண்டிருக்கிறார். பெட்டி மூடியிருக்கும்வரை அவர் தேவைப்படுகிறவர். திறந்துவிட்டால் அவர் சாட்சி. சாட்சியை யாரும் வீட்டில் வைத்துக்கொள்வதில்லை.

பேக்கரி அக்கா போனை எடுத்து அந்த வரியை மறுபடி படித்தாள். "அவன் என்னைக் கூப்பிட்டிருக்கான்," என்றாள் பிறகு. "நான் கோவத்துல போனை அணைச்சுட்டுப் படுத்துட்டேன்."

அப்போதுதான் வக்கீலம்மாவின் போன் அடித்தது. நகைக்கடைக்காரர். ஏதாவது தெரிந்ததா என்று கேட்டார். தங்கை காதில் விழட்டும் என்று வக்கீலம்மா ஸ்பீக்கரில் போட்டார். அதிகம் சொல்லாமல், சாவிக்காரர் ஆன்லைனில் சதுரங்கம் ஆடுகிறார், நேற்று முறை தவறி ஆடினாராம், தங்கை கோபத்தில் இருக்கிறாள், வேறொன்றும் இல்லை என்றார்.

நகைக்கடைக்காரர் பெருமூச்சு விட்டார். "ராணி சும்மா கிடைச்சா யாருதான் விடுவாங்க? அதை விடுங்கம்மா, நீங்க என் தம்பியைப் பிடிங்க."

பென்சில் இரண்டாவது பன்னைப் பிய்த்தபடி, அதே பெருமூச்சை அதே நீளத்துக்கு விட்டுக் காட்டினான். வக்கீலம்மா கண்ணால் அதட்டினார்.

*

மாலையில் பென்சில் ஜிம்முக்குப் பக்கத்துச் சந்தில், மின்சார மீட்டர் பெட்டிக்குக் கீழே, செருப்பு வார் அறுந்தவனைப்போல் குனிந்து நின்றான். காதில் போன். மறுமுனையில் பேக்கரியின் மாடி அறை. வக்கீலம்மாவும் தங்கையும்.

யோசனை வக்கீலம்மாவுடையது. தங்கை சொன்னபடி, சாவிக்காரர் ஆடுவது பழைய டேப்லெட்டில். அதில் சிம் கிடையாது. வீட்டு வைஃபை இருந்தால்தான் வேலை செய்யும். ஆடும்போது மெயின் சுவிட்சை இறக்கினால் வைஃபை செத்துவிடும். தங்கையின் திரையில் அண்ணன் பெயருக்குப் பக்கத்தில் எரியும் பச்சைப் புள்ளி அணைந்துவிடும். அணைந்தால், ஆள் அங்கே. தெருமுனையில் ஜீப்போடு இன்ஸ்பெக்டர் காத்திருந்தார். ஒரே ஒரு கதவைத் தட்டத்தான் அவரிடம் ஆள் இருந்தது. தப்பான கதவைத் தட்டினால் சரியான கதவுக்குச் செய்தி போய்விடும்.

ஜிம்தான் என்று பென்சில் ஒற்றைக்காலில் நின்றான். அங்கே பின்னால் எப்போதும் பூட்டிய அறை ஒன்று இருந்தது. வரவேற்பு மேசைக்கு மேலே சதுரங்கத்தில் வாங்கிய கோப்பை ஒன்றும் இருந்தது. ஆட்டம் தெரிந்தவன், பூட்டிய அறை. இன்னும் என்ன வேண்டும்?

"அந்த ஆள் தன் போன்லேர்ந்து இணைப்புக் கொடுத்திருந்தா என்ன மேடம் பண்றது?"

"கொடுத்திருந்தா நாம தோத்தோம். பேசாம இரு, ஆட்டம் தொடங்கிடுச்சு."

முதலில் அவர்தானா, வேறு ஆளா என்பது உறுதியாக வேண்டும். பென்சிலுக்குத் திரை தெரியவில்லை. தங்கையின் மூச்சு மட்டும் கேட்டது. அவள் நகர்த்துவதை வக்கீலம்மா தணிந்த குரலில் சொல்லிக்கொண்டு வந்தார். சிப்பாய். குதிரை. மறுபடி சிப்பாய். பிறகு சற்று நேரம் ஒன்றுமில்லை.

"இப்போ வைக்கிறேன்," என்றாள் தங்கை. நேற்று வழுக்கியதுபோலவே ராணியை அண்ணனின் சிப்பாய் வெட்டும் கட்டத்தில் கொண்டுபோய் வைத்தாள். இன்று கையில் வெண்ணெய் இல்லை. ஒரே மாதிரி இரண்டு தடவை யாருக்கும் வழுக்காது. நீ கூப்பிட்டது கேட்டுவிட்டது என்று சொல்ல அவளுக்கு வேறு வழியில்லை.

"வெட்டிட்டான்."

சந்தின் கோடியில் ஒரு நாய் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தது.

"மேடம், இப்போ அவர் முறையா?"

"ஆமா. இவங்க ஒரு சிப்பாயைத் தள்ளியிருக்காங்க. இப்போதான் அவர் முறை."

நேரம் நகர்ந்தது. போனில் பேக்கரியின் சுவர்க்கடிகாரம் கேட்டது. பென்சிலின் கை மீட்டர் பெட்டியின் கதவில் இருந்தது.

தங்கையிடமிருந்து ஒரு விசும்பல் வந்தது. "வெச்சுட்டான். அவன் ராணியை என் குதிரை வெட்டற கட்டத்துல கொண்டுவந்து வெச்சுட்டான். திருப்பிக் கொடுக்கறான். அண்ணன்தாங்க. உயிரோட இருக்கான்."

"அதை எடுக்காதீங்க," என்றார் வக்கீலம்மா. "ஆட்டம் தெரிஞ்ச எவனும் அந்த நகர்த்தலைச் சந்தேகப்படுவான். இனிமே நமக்கு நேரமே இல்ல. பென்சில், இறக்கு."

பென்சில் இறக்கினான்.

ஜிம் இருண்டது. பாட்டு நின்றது. ஓடிக்கொண்டே எங்கும் போகாதவர்கள் ஓட்டத்தை நிறுத்தினார்கள். யாரோ இரும்பைக் காலில் போட்டுக்கொண்ட சத்தம் கேட்டது.

"புள்ளி?"

"பச்சை."

"இன்னும் கொஞ்சம் பாருங்க மேடம்."

"பச்சைதான் பென்சில். அப்படியே எரியுது."

பென்சில் சுவிட்சை மறுபடி ஏற்றலாம் என்று திரும்பினால், சட்டைக் காலரில் ஒரு கை. கால் தரையை விட்டு எழும்பியது. ஜிம்காரன்தான். ஒற்றைக் கையால் தூக்கியிருந்தான். அதில் அவனுக்குச் சிரமம் இருந்ததாகத் தெரியவில்லை.

"எங்க அண்ணன் அனுப்பின ஆளா நீ? அன்னிக்குக் கதவைச் சாத்தினது பத்தலையா?"

இந்த நேரத்தில் வேறு எவனாவது கும்பிட்டிருப்பான். பென்சிலுக்குப் பயம் வந்தால் வாய்தான் முதலில் ஓடும். காற்றில் தொங்கியபடியே நகைக்கடைக்காரரின் குரலில் பெருமூச்சு விட்டுப் பேசிக் காட்டினான். "ஆமாங்க, உங்க அண்ணன்தான். 'ராணி சும்மா கிடைச்சா யாருதான் விடுவாங்க? அதை விடுங்கம்மா, நீங்க என் தம்பியைப் பிடிங்க.' நான் பிடிக்க வந்தேன், நீங்க என்னைப் பிடிச்சிட்டீங்க."

"திரும்பச் சொல்லு," என்றார் போனில் வக்கீலம்மா.

பென்சில் திரும்பச் சொன்னான்.

"முறை தவறி ஆடினார்னுதான் நான் அவர்கிட்ட சொன்னேன். ராணின்னு சொல்லவே இல்ல. சும்மா கிடைச்சதுன்னும் சொல்லல. பக்கத்துல உக்காந்து பார்த்தவருக்குத்தான் அது தெரியும்." அவர் குரல் வறண்டிருந்தது. "அவர் ஆட்டத்துக்கு நடுவுல என்னையும் ஒரு காயா வெச்சிருக்கார். தம்பி வீட்டுக் கதவைத் தட்ட."

பென்சில் தொங்கியபடியே, அந்தச் சதுரங்கக் கோப்பை யாருடையது என்று கேட்டான். ஜிம்காரன் முகம் மாறியது. அது அண்ணன் பள்ளிக்கூடத்தில் ஜெயித்தது. வீட்டைப் பிரித்தபோது அண்ணன் குப்பையில் போட்டான். அப்பா ஆசையாகத் துடைத்து வைத்த கோப்பை ஆயிற்றே என்று இவன் எடுத்து வைத்தான். இவனுக்குக் குதிரை எப்படி நகரும் என்றுகூடத் தெரியாது. பின்னால் பூட்டிய அறையில் உடைந்த ஓட்டப் பொறிகள்தான் கிடந்தன.

"உங்க அண்ணன் வீட்டு மீட்டர் பெட்டி எங்க இருக்கு?"

"எதுக்கு?"

"ஒரு உயிர் அங்க மாட்டிக்கிட்டிருக்கு. என்னை இறக்கி விட வேணாம், அப்படியே வண்டியில வைங்க."

*

ஜிம்காரன் பைக்கை ஓட்டிய வேகத்தில் பென்சிலின் சட்டை உப்பி, முதன்முறையாக அவனுக்கு உடம்பு இருப்பதுபோல் தெரிந்தது. பின்னால் ஜீப், விளக்கைப் போடாமல். காதில் வக்கீலம்மா. அண்ணனின் ராணி வைத்த இடத்திலேயே இருக்கிறது என்றார். முறை தங்கையுடையது. அவள் எடுக்கவும் இல்லை, வேறு காயைத் தொடவும் இல்லை. அவள் நகர்த்தினால் அண்ணன் முறை வரும். அங்கே உட்கார்ந்திருப்பவன் டேப்லெட்டைப் பிடுங்கிக்கொண்டால் எல்லாம் போய்விடும். அவள் யோசிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அவனும் காத்திருக்கட்டும். அவளுடைய கடிகாரம்தான் கரைந்துகொண்டிருந்தது.

நகைக்கடைக்காரரின் வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. அப்பா காலத்து மீட்டர் பெட்டி, துருப்பிடித்த கதவு. ஜிம்காரன் அதை ஓசையில்லாமல் பெயர்த்து எடுத்துக் கீழே வைத்தான். மதில் மேல் ஜீப்பிலிருந்து இறங்கியவர்களின் நிழல்.

"மேடம்."

"செய்."

பென்சில் சுவிட்சை இறக்கினான். வீடு இருண்டது.

போனில் சுவர்க்கடிகாரம். பென்சில் இன்னொரு தடவை புள்ளி என்று கேட்கத் துணியவில்லை.

"போச்சு," என்றாள் தங்கை. வக்கீலம்மா அல்ல, தங்கை. "அண்ணன் புள்ளி அணைஞ்சு போச்சு."

பென்சில் கையை உயர்த்தினான். இன்ஸ்பெக்டர் ஆட்களோடு உள்ளே போனார். கதவு உடையும் சத்தம், ஓடும் சத்தம், எதுவோ கண்ணாடி. ஜிம்காரன் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளேயிருந்து தன் அண்ணனின் குரல் உயர்ந்து அடங்கியபோது அவன் தலையைக் குனிந்துகொண்டான். பென்சிலுக்கு அந்தக் குரலைப் பேசிக் காட்டத் தோன்றவில்லை.

டார்ச் வெளிச்சத்தில் முதலில் வெளியே வந்தவர் சாவிக்காரர். தாடி வளர்ந்திருந்தது. விரல் நுனிகள் கறுத்திருந்தன. தானே நடந்து வந்தார். பெட்டி உள்ளே மூடியபடிதான் இருக்கிறது என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். ராணியை அங்கே வைத்ததும் அந்த ஆள் சந்தேகப்பட்டு எழுந்துவிட்டாராம். எதற்கு இப்படி வைத்தாய் என்று கழுத்துச் சட்டையைப் பிடித்தாராம். விரல் வழுக்கிவிட்டது என்று இவர் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் விளக்கு போயிற்றாம்.

பென்சில் போனை அவர் காதில் வைத்தான். அவசரத்தில் ஸ்பீக்கரையும் அழுத்திவிட்டான்.

மறுமுனையில் வக்கீலம்மாதான் சொன்னார். எதிராளி போய்விட்டார், வெற்றியை எடுத்துக்கொள்கிறீர்களா என்று திரையில் ஒரு கட்டம் வந்ததாம். இவள் அதைத் தொடவே இல்லையாம். தன் கடிகாரம் கடைசிவரை ஓடித் தீரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். ஆட்டம் அண்ணனுக்கு. தங்கை தோற்றுவிட்டாள்.

சாவிக்காரர் போனைப் பார்த்தார். பேச வாயெடுத்தார். உடனே நிறுத்திக்கொண்டார். முறை என்று ஒன்று இருக்கிறதே.

காத்திருந்தார்.

"தோத்தவங்கதான் முதல்ல பேசணும்," என்றது போனில் தங்கையின் குரல். அழுது முடித்த குரல். "அதனால நான் கேக்கறேன். சாப்பிட்டியா அண்ணா?"

ஜெயித்தவருக்கும் ஒரு கடமை உண்டு.

"ராணியை ரெண்டாவது தடவை கொண்டுவந்து வெச்ச பாரு," என்றார் சாவிக்காரர். "அது அழகு."